429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

4294967297. வாய்விட்டுச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அதாவது 2^32 + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்து 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 (இவ்வகை எண்களே ஃபெர்மா எண்கள்) எல்லாம் பகா எண்கள், அதனால் அடுத்து வரும் இதுவும் பகா எண்தான் என்று நம்பினார் கணிதவியலாளர் ஃபெர்மா. 1732-ல் கணிதவியலாளர் ஆய்லர் உடைத்தார்: 641 × 6700417.

கால்குலேட்டரே வேண்டாம். 641 = 5×128 + 1. அதே 641 = 625 + 16, அதாவது 5^4 + 2^4. முதலாவதன்படி, 641-ஆல் வகுத்தால் 5×2^7-க்கு மீதி -1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4×2^28-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 5^4-க்குப் பதில் -2^4 போடலாம். -2^32-க்கு மீதி 1 என்று வந்துவிடும். ஆக 2^32 + 1 மீதியின்றி வகுபடும். இதைவிட அழகான நான்கு வரி எண்கணிதத்தில் குறைவு.

641-ஐ எப்படித் தேடுவது? 2^32 + 1-இன் பகாக் காரணி எதுவும் 128k + 1 வடிவில்தான் இருக்கும். 129, 385, 513 பகு எண்கள். 257 இன்னொரு ஃபெர்மா எண், அவற்றுக்குள் பொதுக் காரணி கிடையாது. அடுத்ததே 641!

நிரல் எழுதுபவர்கள் கவனிக்க: குறியில்லா 32 பிட் மாறியில் 2^32 + 1-ஐப் போட்டால் நிரம்பி வழிந்து 1 என்று காட்டும். 64 பிட் எடுங்கள். ஒரு எண் பகா எண்தானா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனையை 2-ஐ அடியாக வைத்துச் செய்தால் ‘பகா எண்’ என்றே பொய் சொல்லும். 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும்.