பத்திரம் டைப் செய்ய வேர்டில் ஷார்ட்கட் அமைத்த விதம்

மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து பத்திரம் டைப் செய்தால் கடலூர் வேலையும் வரும், புதுச்சேரி வேலையும் வரும். இரண்டிலும் சொத்து விவரம் எழுதும் முறை வேறு. இங்கே வட்டம், கிராமம், சர்வே எண், ஏக்கர், சென்ட். அங்கே ரீசர்வே எண்ணோடு, பிரெஞ்சுக்கால நிலப்பதிவு எண்ணான கதாஸ்தர் எண்ணும் வரும். பரப்பளவு ஹெக்டேர், ஆர் (100 சதுர மீட்டர்), சென்டியாரில் (1 சதுர மீட்டர்). பழைய ஃபைலைத் திறந்து மாற்றி எழுதும்போது முந்தைய பத்திரத்தின் எண் அப்படியே தங்கிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் அடிக்கடி வரும் வாசகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷார்ட்கட்.

வாசகத்தைச் சுத்தமாக டைப் செய்து செலக்ட் செய்யுங்கள். எண், பெயர், நான்கெல்லை வரும் இடங்களில் அடிக்கோடு மட்டும் இருக்கட்டும். இதில் சலுகையே கூடாது. ஒரு சர்வே எண் தவறிப் பதிவானால் பிழைதிருத்தல் பத்திரம் வரை போக வேண்டியிருக்கும். செலக்ட் செய்தபடி ஆல்ட், எஃப்3 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி வரும். பெயர் கொடுத்து, கேலரியில் ஆட்டோடெக்ஸ்ட், சேவ் இன் என்ற இடத்தில் நார்மல் டெம்ப்ளேட் என்று வையுங்கள்.

அடுத்து ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன். அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்திலுள்ள கஸ்டமைஸ் பட்டன். இடப்பக்கப் பட்டியலின் கடைசிப் பகுதியில் பில்டிங் பிளாக்ஸ் இருக்கும். வலப்பக்கம் நீங்கள் வைத்த பெயர். கீயை அழுத்தி அசைன் கொடுத்தால் முடிந்தது.

எந்தக் கீ என்பதில்தான் சிக்கல். கண்ட்ரோல், ஆல்ட் சேர்ந்தால் விண்டோஸுக்கு அது வலப்பக்க ஆல்ட் மாதிரி; இங்கிலீஷ் இந்தியா கீபோர்டில் அதோடு 4 அழுத்தினால் ரூபாய்க் குறி விழும். ஆல்ட்டோடு எண் வைத்தால், தமிழ் டைப் செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருள் அதைத் தமிழ், ஆங்கிலம் மாற்றப் பிடித்துக்கொள்ளும். வேர்டின் சொந்த ஷார்ட்கட்டும் நிறைய. அந்தக் கீ ஏற்கெனவே எதற்கு ஒதுக்கியது என்று அதே பெட்டியிலேயே காட்டும், அதைப் படித்துவிட்டு அசைன் கொடுங்கள்.

வேர்டு இரண்டு கட்டமாக அழுத்தவும் விடும். கண்ட்ரோல், ஆல்ட், கியூ மூன்றையும் அழுத்தி விட்டு, பிறகு 1 என்றால் கடலூர் சொத்து, 2 என்றால் புதுச்சேரி சொத்து, 3 என்றால் வில்லங்கமில்லா உறுதிமொழி. இரண்டாவது கீயாக எழுத்தை வைக்காதீர்கள். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறை ஓடும்போது அது தமிழ் எழுத்தாக மாறிப்போய் ஷார்ட்கட் வேலை செய்யாது. எண்களை தமிழ்99 தொடாது.

செலக்ட் செய்யும்போது கடைசிப் பத்திக்குறியையும் (¶) சேர்த்தால் அந்தப் பத்தியின் அமைப்பும் கூடவே வரும். தனிப் பத்தியாக வர வேண்டிய வாசகத்துக்கு அது நல்லது. வரி நடுவே வருவதற்குக் குறியை விட்டுவிடுங்கள்.

எல்லாம் நார்மல் டெம்ப்ளேட் என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால் போய்விடும். வேர்டை மூடிவிட்டு, ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை பென்டிரைவில் எடுத்துவையுங்கள்.