முடி முளைத்த பிறகும் மருந்து: எங்கள் பூனையின் படர்தாமரை

ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டால் துணிமணி எதுவும் லேசில் காயாது. அந்த ஈரப் பருவத்தில்தான் எங்கள் பூனை ஷ்வேயின் காதோரம் காசு அளவுக்கு முடி கொட்டிச் செதில் படிந்தது. சில நாளில் மகளின் முன்கையிலும் சிவப்பாக ஒரு வளையம். "இது படர்தாமரைம்மா, பூனையையும் டாக்டர்கிட்ட காட்டிடு" என்றார் அத்தை.

கால்நடை மருத்துவர் அறையை இருட்டாக்கி ஊட்ஸ் விளக்கை, அதாவது புற ஊதா ஒளி விளக்கைப் பிடித்தார். காதோர முடிகள் பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னின. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவது இதுதான். மின்னாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது, சில பூஞ்சைகள் இந்த ஒளியில் தெரியவே தெரியாது என்றார். பூஞ்சை வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் முடி எடுத்தார். முடிவு வர 2, 3 வாரம் ஆகும்.

பூஞ்சைக்கான இட்ராகோனசோல் மாத்திரையை ஒரு வாரம் கொடுத்து மறு வாரம் நிறுத்த வேண்டும்; அளவை எடை பார்த்து அவரே எழுதினார். வாரம் 2 முறை மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு. நுரை 10 நிமிடம் உடம்பில் ஊற வேண்டும். பூனையை அவ்வளவு நேரம் பிடித்துவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை; அத்தைதான் பேச்சுக் கொடுத்தே சமாளித்தார். பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஸ்டீராய்டு கலந்த க்ரீமை நாங்கள் தொடவில்லை. அதில் சிவப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

மருந்தைவிடப் பெரிய வேலை வீடுதான். உதிர்ந்த முடியில் உள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் வேக்குவம் கிளீனரை நம்ப முடியுமா? ஷ்வேயைப் பாய், தலையணை இல்லாத சின்ன அறைக்கு மாற்றினேன். பேக்கிங் டேப்பின் பசைப்பக்கம் வெளியே தெரியக் கையில் சுற்றி நாற்காலி மெத்தையில் ஒற்றினால் மெல்லிய முடிகூட ஒட்டிக்கொண்டு வரும். அப்புறம் சோப்புத் தண்ணீர். அது காய்ந்த பிறகே நீர்த்த ப்ளீச். அழுக்கின்மேல் ஊற்றிப் பயனில்லை.

மகளுக்குக் குளோட்ரிமசோல் களிம்பிலேயே சரியாகிவிட்டது. ஷ்வேக்கு முடி முளைத்ததும் மருந்தை நிறுத்தலாமே என்றார்கள் வீட்டில். முடி முளைத்தாலும் பூஞ்சை மிச்சமிருக்கலாம். புது டூத் பிரஷால் உடம்பு முழுவதும் வாரி, அந்த பிரஷையே சோதனைக்குக் கொடுத்தோம். அடுத்தடுத்து 2 முறை எதுவும் வளரவில்லை என்று வந்த பிறகுதான் மாத்திரை நின்றது. படிக்கட்டில் இவளோடு சுற்றும் கீழ்வீட்டுப் பூனையையும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.