சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

என் மகளுக்கு ரத்தம் கம்மி என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் மாதுளம்பழத்தோடுதான் வந்தார்கள். பீட்ரூட் ஜூஸ் போட்டுக் கொடுங்கள் என்றார் எதிர்வீட்டு அக்கா. பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறப்போடச் சொன்னார் நாத்தனார். எல்லாம் பாசத்தில் சொன்னவை, மறுக்கவில்லை. மாதுளையும் பீட்ரூட்டும் நல்ல உணவுதான். ஆனால் சிவப்பாக இருப்பதாலேயே அவை ரத்தமாகிவிடாது. இரண்டிலும் இரும்புச்சத்து ரொம்பக் குறைவு. ஒரு கிலோ மாதுளைக்குக் கொடுக்கிற காசில் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில் ஒரு வாரத்துக்கான கீரையும் பயறும் எலுமிச்சையும் வாங்கி வந்துவிடலாம்.

பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படுத்துவிடுவாள். இவையெல்லாம் படிப்புச் சுமை என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அடுக்களைக்குள் போகும்போதும் வரும்போதும் அரிசி டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். "ஏட்டி, பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும் பாத்துக்க" என்று என் அத்தை அவளை விரட்டுவார்கள். பேத்தி சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி எடுப்பாள். வெறும் அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று உணவல்லாத எதையாவது மெல்லத் தோன்றிக்கொண்டே இருப்பது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள், ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

ஹீமோகுளோபின் 9.6 இருந்தது. அவள் வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இத்தனை ஆஸ்பத்திரியும் இத்தனை பள்ளிக்கூடமும் இருக்கிற மாநிலத்தில் இந்த நிலை என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 9.6ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்றிவிட முடியாது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், அதைத் தவறாமல் கொடுத்தோம். மாத்திரை பள்ளத்தை நிரப்பும், திரும்பப் பள்ளம் விழாமல் பார்த்துக்கொள்வது அடுக்களையின் வேலை. நான் எழுத வந்தது அந்த அடுக்களை வேலையைப் பற்றித்தான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "காலையில சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கம் உண்டா?" என்பதுதான். எங்கள் பக்கத்தில் இல்லாமலா? நாலு இட்லி, அதன் மேல் ஒரு டம்ளர் டீ. மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவினதும் இன்னொன்று. டீயில் இருக்கிற துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்போடு ஒட்டிக்கொள்கின்றன, அந்த இரும்பு உடம்பில் சேராமல் வெளியே போய்விடுகிறது. சாப்பாட்டோடு குடிக்கிற ஒரு டம்ளர் டீ, அந்தச் சாப்பாட்டிலிருந்து சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேலேகூடத் தடுத்துவிடும். காப்பியும் தடுக்கும், டீ அளவுக்கு இல்லை. கீரையும் பயறும் சுண்டலுமாகப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டுவிட்டு, மேலே ஒரு டம்ளர் டீயை ஊற்றி அத்தனையையும் கழுவி அனுப்பினால் யாருக்கு லாபம்?

டீயை நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. தள்ளி வைக்கலாம். இப்போது எங்கள் வீட்டில் டீக்கடை நேரம் மாறிவிட்டது. காலை எழுந்ததும் ஒன்று, அதற்கப்புறம் பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் அடுப்பில் டீப் பாத்திரம் ஏறாது. அத்தைக்கு இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. "சோறு தின்னுட்டு ஒரு மடக்கு குடிக்கலேன்னா தின்ன மாதிரியே இல்லம்மா" என்றார்கள். பேத்திக்காக என்று சொன்னதும் பேச்சு நின்றது. அவளுக்கு முன்னால் யாரும் குடிக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தோம். பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் அது நாலு நாள்கூட நிற்காது.

டீ தடுக்கிறது என்றால் புளிப்பு கை கொடுக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி ஆகியவற்றில் இருக்கிற வைட்டமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. ஆனால் சூட்டில் அது வீணாகும். அதனால் எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழியாமல், அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். பருப்பிலும் சுண்டலிலும் கீரையிலும் இப்போது கடைசியாக விழுவது எலுமிச்சைதான். நெல்லிக்காய் வரத்து இருக்கும் மாதங்களில் ஒரு காயைச் சீவி உப்பு தொட்டுத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறேன். கொய்யாவை ஸ்கூலுக்குக் கொடுத்தனுப்புகிறேன், மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லி.

கீரை என்றால் எங்களுக்கு முருங்கைக்கீரைதான். கொல்லையில் மரம் நிற்கிறது. கீரை ஆய்வதற்கு நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கு அத்தை செய்கிற முறையைச் சொல்கிறேன். சாயங்காலம் கொத்தை ஒடித்து, ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி, கூடைக்குள் வைத்துவிடுவார்கள். காலையில் துணியைப் பிரித்து ஒரு உதறு உதறினால் இலையெல்லாம் தானே உதிர்ந்து கிடக்கும், காம்பு மட்டும் கையில் நிற்கும். பொடிக்காம்பு கொஞ்சம் இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கழுவ வேண்டியதுதான். சின்ன வெங்காயமும் வத்தலும் தாளித்து, அரை வேக்காட்டுப் பாசிப்பருப்பும் கீரையும் போட்டு, தண்ணீர் தெளித்துப் புரட்டி, தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் பத்து நிமிஷ வேலை. கீரையோடு ஒரு கை நெத்திலிக் கருவாட்டை வறுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. மீனிலும் கறியிலும் இருக்கிற இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும், கூட இருக்கிற கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் சுடுதண்ணீரில் அலசி எடுத்துவிட்டு, கீரைக்குத் தனியாக உப்புப் போட மாட்டேன்.

சுவரொட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஆட்டின் மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்கிறோம். ரத்தம் ஊறுவதற்கு அதைச் சாப்பிடச் சொல்லும் பழைய பழக்கத்தில் முழு நியாயம் இருக்கிறது, அதில் இரும்பு அவ்வளவு இருக்கிறது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிப் போனால் கிடைக்காது. கறிக்கடைத் தம்பியிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் தடவி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, உள்ளே நன்றாக வேகும்வரை சுட்டு, துண்டுபோட்டுச் சுடச்சுடக் கொடுப்பேன். மேலே எலுமிச்சை. மகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. மிளகைக் கூட்டினேன், அப்புறம் சாப்பிட ஆரம்பித்தாள்.

அரிசியைக் குறைத்து அந்த இடத்தில் கம்பைக் கொஞ்சம் கொண்டுவந்தோம். நூறு கிராம் வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது, கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. என் அம்மா வீடு விளாத்திகுளம் பக்கம், கரிசல் பூமி. அங்கே கம்பு வீட்டுத் தானியம். கம்பங்கூழை ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் குடிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. புளிக்கும்போது தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கிற பொருள் குறைகிறது. பயறை முளைகட்டினாலும் அதேதான் நடக்கிறது. எங்கள் வீட்டில் கூழ் குடிக்கும் ஆள்கள் நானும் அத்தையும்தான். மகளுக்குக் கம்பும் உளுந்தும் சேர்த்து அரைத்து, புளிக்கவைத்து தோசையாக ஊற்றிவிடுகிறேன், தக்காளிச் சட்னியோடு.

உளுந்தங்களியும் திரும்ப வந்திருக்கிறது. மகள் வயசுக்கு வந்த புதிதில் கறுப்புத் தோலுளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கிண்டி, நல்லெண்ணெயைக் குழிக்குள் ஊற்றிக் கொடுத்தார்கள். பதினாறு நாளோடு நிறுத்திவிடுகிறோம். மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு மாதாமாதம் கொடுத்தால் என்ன என்று கேட்டு, இப்போது அந்த மூன்று நாளும் அத்தையே கிண்டித் தருகிறார்கள்.

இரும்புச்சட்டியைப் பரணிலிருந்து இறக்கியது இன்னொரு வேலை. புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் அதில் வைத்தால் புளிப்பு பட்டுச் சட்டியின் இரும்பே கொஞ்சம் குழம்பில் இறங்கும். ஆனால் சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் கறுத்துப்போய்த் துரு வாடை அடிக்கும். புதுச்சட்டி என்றால் ரெண்டு மூணு நாள் வடிகஞ்சி ஊற்றி வைத்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் துரு பிடிக்காது.

மாத்திரை விஷயத்தில் பிள்ளைகள் ஏன் அதைக் குப்பையில் போடுகிறார்கள் என்பதைப் பெரியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், சில பேருக்கு மலம் இறுகும், கறுப்பாகவும் போகும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்தே பாதிப் பிள்ளைகள் நிறுத்திவிடுகின்றன. அது பயப்பட வேண்டிய விஷயமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். குமட்டல் இருந்தால் சாப்பிட்ட பிறகு, எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்கலாம். பாலோடும் டீயோடும் கொடுக்கவே கூடாது. எண்ணிக்கை 12ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், உடம்பில் சேமிப்பு நிறைகிறவரை டாக்டர் சொல்கிற மாதங்களுக்குத் தொடர வேண்டும்.

வீட்டில் இன்னும் இரண்டு பழக்கங்கள் மாறின. கொல்லைக்குப் போகிற வாசலில் எல்லாருக்கும் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே ஏறிவிடும், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையை அவள் விடாமல் போட்டுக்கொள்கிறாள். இன்னொன்று, மாதவிலக்கு நாள்கள் எத்தனை, எவ்வளவு படுகிறது என்று அவளிடம் நேராகக் கேட்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, மணிக்கொருதரம் நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ எந்தக் கீரையும் ஈடுகட்டாது, டாக்டரிடம்தான் போக வேண்டும். இதைக் கேட்பதற்கு அம்மாக்கள் கூச்சப்படக் கூடாது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19 போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்கிறது. நம் வீடுகளில் கீரையும் கறியும் முதல் பந்தியில் முடிந்துபோகும், கடைசியில் உட்காருகிறவளுக்குக் குழம்பும் அடிச்சட்டிச் சோறும் மிஞ்சும். அதிகம் வேண்டியவளுக்குக் கொஞ்சமாகக் கிடைக்கிறது. இதை என் அம்மா வீட்டிலும் பார்த்தேன், மாமியார் வீட்டிலும் பார்த்தேன். இப்போது சமைத்து இறக்கியதுமே நானும் அத்தையும் மகளும் சாப்பிடுகிற பங்கைத் தனிக் கிண்ணங்களில் எடுத்து மூடி வைத்துவிடுகிறேன். என் வீட்டுக்காரங்க முதலில் ஒரு மாதிரி பார்த்தாங்க. இப்போது கீரைச்சட்டி காலியானால், "உங்க கிண்ணம் இருக்குல்லா?" என்று அவங்களே கேட்கிறாங்க.

மகளுக்கு அடுத்த பரிசோதனையில் 11.2, அதற்கடுத்ததில் 12.4. அரிசி டப்பாவை அவள் தொடுவதில்லை. அவளைக் கூட்டிப்போன அன்றைக்கே நானும் கையை நீட்டினேன், எனக்கு 10.8. அத்தை மட்டும் ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம், விரலில் ஒரு குத்துதான் என்று பேத்தி சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை மூணு பேருமாகப் போகிறோம்.