உதவித்தொகையில் ஒரு குடும்பம்: கல்லூரி ஊரில் குறைந்த வாடகை வீடு

அமெரிக்காவில் சின்னக் கல்லூரி ஊர் என்றால் வாடகை மலிவாகத்தான் இருக்கும் என்று சென்னையில் பலரும் நினைக்கிறார்கள். விடுமுறைக்கு வந்திருக்கும் என்னிடம் கொளத்தூர் மாடி வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் பேச்சை ஆரம்பித்தாள். கணவருக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட்டில் கைக்குழந்தையோடு கிளம்புகிறார்கள். நான் விவரம் சொன்னதும், "என்னக்கா, உதவித்தொகையில பாதி வாடகைக்கே போயிடுமா?" என்றாள்.

போகும். எங்களுக்கு முதல் வருடம் அப்படித்தான் போனது. அந்த ஊர்களில் மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து எடுக்கிற வீடுகள்தான் அதிகம். பல இடங்களில் ஓர் அறைக்கு இவ்வளவு என்றே வாடகை போடுகிறார்கள். ஒருவர் உதவித்தொகையில் மூன்று பேர் சாப்பிட வேண்டிய குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்று வாடகைக்கு வரம்பு வைத்த அபார்ட்மென்ட்கள் சின்ன ஊர்களிலும் உண்டு. நம்மவர்கள் பலர் "அதெல்லாம் அந்த நாட்டுக்காரர்களுக்கு" என்று விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. அரசின் பொதுக் குடியிருப்பும் செக்‌ஷன் 8 வவுச்சரும் (வாடகையில் ஒரு பகுதியை அரசே கட்டும் உதவி) மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. ஆனால் 1986இல் வந்த வரிச்சலுகைத் திட்டம் வேறு வகை. அதில் சலுகை குடியிருப்பவருக்கு இல்லை, கட்டடத்தில் பணம் போட்டவருக்கு. பதிலுக்கு அவர்கள் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, வரம்புக்கு உட்பட்ட வாடகையில் வீடு விட வேண்டும். அந்த வரிச்சட்டத்தில் குடியுரிமை நிபந்தனை இல்லை. கட்டடத்துக்கு வேறு அரசு நிதியும் வந்திருந்தால் விதி மாறலாம், அதனால் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதி இதற்குக் கீழும் சம்பாதிக்கும் அளவு) 50 அல்லது 60 சதவீதம்தான் வருமான வரம்பு. ஆட்கள் கூடினால் வரம்பும் கூடும். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். அந்த வரம்பில் 30 சதவீதத்தைக் கணக்கிட்டு வாடகையின் உச்சத்தை வைக்கிறார்கள், மின்சாரம், தண்ணீர்ச் செலவுக்கான மதிப்பீடும் அதற்குள் அடக்கம்.

கல்லூரி ஊரில் எல்லோரும் இடறுவது மாணவர் விதியில். வீட்டில் இருக்கும் அனைவரும் முழுநேர மாணவர்கள் என்றால், சில விலக்குகள் தவிர, அந்த வீடு கிடைக்காது. எம்.எஸ். படிக்கிற இரண்டு நண்பர்கள் சேர்ந்து போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் வீட்டில் கணவர் மாணவர், நான் சார்பு விசாவில் இருந்தேன், படிக்கவில்லை. அதனால் தகுதி வந்தது. வேலை செய்ய அனுமதி இல்லாத அந்த விசாவில் நான் நிறையவே மனம் வெதும்பியிருக்கிறேன்; குடும்பத்துக்கு வீடு கிடைத்தது என் பெயர் அந்தப் படிவத்தில் இருந்ததால்தான் என்பது அப்போது பெரிய ஆறுதல்.

உதவித்தொகைக்கான நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கேட்பார்கள். நம் ஊரில் போட்டிருக்கும் ஃபிக்சட் டெபாசிட்டையும் சொல்ல வேண்டும், அதன் வட்டியும் வருமானத்தில் சேரும். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

சென்னையில் நாங்கள் வீடு தேடியபோது பத்து மாத அட்வான்ஸைவிட என்னை நோகடித்தது, "நீங்க என்ன ஆளுங்க, நான்வெஜ் சமைப்பீங்களா?" என்ற கேள்விதான். அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வீடு மறுக்கக் கூடாது. குழந்தை இருப்பதைக் காரணம் காட்டி மறுப்பதும் 1988இல் தடை செய்யப்பட்டது. முதியோருக்கான குடியிருப்புகள் போன்ற சில விலக்குகள் இதற்கு உண்டு. சட்டம் இருக்கிற இடத்திலும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனாலும் அந்த விண்ணப்பப் படிவத்தில் சாதி தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, வீடு உடனே கிடைக்குமா? கிடைக்காது, பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியல்தான். நியமனக் கடிதம் வந்ததுமே சென்னையிலிருந்தே மின்னஞ்சலில் விசாரித்துப் பெயர் கொடுங்கள். அதுவரை ஒரு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாமல், ஊருக்குப் போகும் மாணவர்கள் சில மாதங்களுக்கு உள்வாடகைக்கு விடும் வீட்டில் இருக்கலாம். அப்புறம் பேருந்துத் தடம். இந்தக் குடியிருப்புகள் ஊர் ஓரத்தில் இருந்தால், கார் இல்லாத குடும்பத்துக்கு மளிகை வாங்குவதே பெரும்பாடு. கையெழுத்துப் போடும் முன் ஞாயிற்றுக்கிழமையும் பனிக்காலத்திலும் பேருந்து ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.