பட்டாளம் முடிந்து காக்கி போட்ட கதை

மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்துவிட்டு 2023-ல் ஊருக்கு வந்தேன். அதே ஆகஸ்டில் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர் உள்ளிட்ட 3,359 இடங்களுக்கு அறிவிப்பு விட்டது. முன்னாள் படைவீரர்களுக்கு 5 சதவீத ஒதுக்கீடு, வயது வரம்பு 47. உடனே விண்ணப்பித்தேன்.

வெலிங்டனில், எங்கள் ரெஜிமெண்ட் மையத்தில், பயிற்சி எடுத்த உடம்பு, அதனால் ஓட்டம் பற்றிப் பயமில்லை. பயந்தது தமிழுக்குத்தான். தமிழ்த் தகுதித் தாளில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். எனக்கோ இத்தனை வருடமும் இந்திதான் வாயில். செல்போன் வந்த பிறகு வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் நின்றுபோயிருந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள்தான் வாத்தியார். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் தட்டைத் தரமாட்டாள். இன்றைக்கும் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.



சிறப்புக் காவல் படையில் இடம் கிடைத்தது. பயிற்சியில் கவாத்து எனக்குப் பழகினதுதான். சட்ட வகுப்புதான் புதுசு. ஒருவரைக் கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் நோட்டில் இரண்டு முறை எழுதி வைத்தேன்.

அப்புறம் திருவண்ணாமலை தீபத்துக்குப் பந்தோபஸ்து போட்டார்கள். கயிற்றைத் தாண்டி ஒரு பாட்டி உள்ளே வந்தார். "நில்லு!" என்று சத்தம் போட்டேன். எல்லைக் காவலில் வருகிற அதே குரல். பாட்டி நடுங்கி நின்றுவிட்டார், வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டு வந்து, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "என்னம்மா, யாரைத் தேடுறீங்க?" என்றார். பேத்தியின் கையை விட்டுவிட்டாராம். மஞ்சள் பாவாடை, காலில் கொலுசு, ஆறு வயசு. மைக்கில் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் உதவி மையத்தில் பிள்ளை கிடைத்துவிட்டது.

பாட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது ரொம்ப வலித்தது. மறுநாள் காலை அதே கயிற்றைத் தாண்டி ஒரு பெரியவர் வந்தார்.

"என்னங்கய்யா, எங்க போகணும்?" என்று கேட்டேன்.