கட்டடத்துக்கு அனுமதி வந்தாச்சு, கிரேனுக்கு?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய கட்டடத்துக்கு உயர அனுமதி வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கட்டடத்துக்கான தடையில்லாச் சான்று பெரிய சிரமமில்லாமல் வந்துவிட்டது. இழுத்தடித்தது கிரேன்தான்.

முதலில் கணக்கு. பெரிய ஓடுபாதைகளுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான இகாவோவின் அனெக்ஸ் 14 என்ற விதித்தொகுப்பு வைத்திருக்கும் வரம்புப்படி, 4 கிலோமீட்டர் வரை, விமான நிலைய மட்டத்துக்கு மேல் 45 மீட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது. அதற்கு அப்பால் அது 5 சதவீதச் சரிவில் மேலேறும். தரையிறங்கும் பாதைக்கு நேர்கீழே மனை இருந்தால் கதையே வேறு. அங்கே சரிவு 2 சதவீதம்தான், கிலோமீட்டருக்கு 20 மீட்டர். நல்லவேளை, எங்கள் மனை ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், ஓரளவு தள்ளி இருந்தது. ஆனால் தரை விமான நிலையத்தைவிட 8 மீட்டர் மேடு. மிஞ்சியது 37 மீட்டர்.

அந்த 8 மீட்டரைச் சரியாகப் பிடிப்பதும் லேசில்லை. ஜிபிஎஸ் கருவி நேரடியாகத் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலகில் சில இடங்களில் 100 மீட்டர் வரைகூடப் போகும். அதனால் எது எந்த உயரம் என்று சர்வேயரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி எல்லாம் சேர்த்துக் கட்டடம் 27 மீட்டர். பிரச்சினை இல்லை. டவர் கிரேனோ கட்டடத்துக்கு மேலே நின்று வேலை செய்ய வேண்டும். கையை மேலே தூக்கும் லஃபிங் வகையை யோசிக்கவே முடியாது. தலையில் கோபுரம் வைத்த வகையும் வரம்பைத் தாண்டியது. கடைசியில் உச்சி தட்டையான மாடலை எடுத்தோம், சிவப்பு விளக்கோடு சேர்த்து 36 மீட்டர். விண்ணப்பத்தில் கம்பம் நிற்கும் இடத்தோடு கையின் நீளத்தையும் கேட்டார்கள். நியாயம்தான். வேலை முடிந்ததும் கிரேனைக் காற்றுப் போக்கில் சுழல விட்டுவிடுவார்கள், கை எந்தப் பக்கமும் போகலாம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஆய்வு அதிகாரி கேட்டார்: "இந்த கிரேனை எதை வைத்துத் தூக்கி நிறுத்துவீர்கள்?"

மொபைல் கிரேன் வைத்துத்தான். டவர் கிரேனின் உச்சிக்கு மேலே போனால்தான் அதன் பாகங்களை வைக்க முடியும், ஆக அது 37-ஐத் தாண்டியே தீரும். அதற்குத் தனி விண்ணப்பம், தற்காலிக அனுமதி. விமானப் போக்குவரத்து குறைவான இரவு நேரம் ஒதுக்கினார்கள், விமானிகளுக்கு நோட்டாம் என்ற எச்சரிக்கை அறிவிப்பு போனது. மொபைல் கிரேனின் கையான பூமை ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு போன் செய்ய வேண்டும், பார்வைத் தூரம் குறைந்தால் உடனே இறக்க வேண்டும் என்று நிபந்தனை. கிரேனைக் கழற்றும்போதும் இதே கூத்து உண்டு என்பதால், அதற்கான விண்ணப்பத்தையும் அப்போதே எழுதி வைத்துவிட்டேன். தேதி மட்டும் காலி.