மோதல் எங்கே தொடங்கும்?

கப்பல் எண்ணிக்கையில் சீனக் கடற்படை அமெரிக்காவை முந்திவிட்டது. 2025 நவம்பரில் மூன்றாவது விமானந்தாங்கியான ஃபூஜியானும் பணியில் சேர்ந்தது. அதிலுள்ள மின்காந்த உந்துகருவி கனமான ரேடார் விமானத்தையும் மேலேற்றும். முந்தைய விமானந்தாங்கிகளான லியாவ்னிங், ஷாண்டோங் இரண்டிலும் உந்துகருவி இல்லை, முனை மேல்நோக்கி வளைந்த ஓடுதளம்தான்; அதிலிருந்து மேலெழ விமானத்தின் எரிபொருளையோ ஆயுதத்தையோ குறைத்தாக வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை, எதிரிக் கப்பலை நெருக்கி மறிக்கும் சீனாவின் பழக்கம்தான். 2025 ஆகஸ்ட் 11 அன்று, தென் சீனக் கடலில் சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் ஸ்கார்பரோ திட்டருகே பிலிப்பைன்ஸ் ரோந்துக் கப்பலைத் துரத்தும்போது, சீனப் போர்க்கப்பலும் சீனக் கடலோரக் காவல் கப்பலும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டன. காவல் கப்பலின் முன்பகுதி நசுங்கிப்போனது. நடுக்கடலில் எதிர்பாராமல் சந்திக்கும் கப்பல்கள் மோதலைத் தவிர்க்க, 2014-இல் சீனாவின் சிங்டாவோ நகரில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட கடற்சந்திப்பு நெறிகள் கடற்படைகளுக்கு மட்டுமே. கடலோரக் காவல் கப்பல்கள் அதில் வராது. அடுத்த மோதலில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தால், தாக்கப்பட்டால் ஒன்றுக்கொன்று துணைநிற்க பிலிப்பைன்ஸ் அமெரிக்காவுடன் செய்த 1951 பாதுகாப்பு ஒப்பந்தம் உடனே மேசைக்கு வரும்.